குளிப்பதற்கு முன்னால் ஒரு பதிவு

கூட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அக்கா மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிடுவார். கழற்றியதை ஓரமாக வைக்கவும் மாட்டார். பேச்சு சூடுபிடிக்கச் சூடுபிடிக்க அவர் கால்கள் அங்குமிங்கும் அலையும். ஒரு செருப்பு கணக்குப் பிரிவுக்காரர் பக்கம் போய்விடும், மற்றது என் நாற்காலிக் காலில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்து போகும்போது அவர் மட்டும் உட்கார்ந்தபடியே காலால் துழாவிக்கொண்டிருப்பார். நான் குனிந்து எடுத்துத் தரப் போனால் கோபித்துக்கொள்வார். செருப்பு கழன்றுவிட்டது என்றால் அன்றைக்கு அவரை யாராலும் அசைக்க முடியாது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதே அறையில்தான் இப்போதும் கூட்டம் நடக்கிறது, அவர் உட்கார்ந்த நாற்காலியில் நான் உட்காருகிறேன். அவர் இல்லாததை அந்த அறையில் உணர்வது போல வேறு எங்கும் நான் உணர்வதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே கண் மேசைக்கு அடியில் போய்விடும். தண்ணீர் குடிப்பது போலச் சமாளித்துவிடுவேன்.

நாங்கள் வேலை பார்ப்பது முதியோரைப் பராமரிக்கும் ஓர் அமைப்பில். சிங்கப்பூரின் பல பேட்டைகளில் எங்களுக்குப் பகல்நேர நிலையங்கள் உண்டு. காலையில் வேன் போய் முதியவர்களை அவர்களுடைய அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழிருந்து ஏற்றிக்கொண்டு வரும், மாலையில் கொண்டுபோய் விடும். வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே சாப்பாடு போகும், மருந்து கொடுக்கத் தாதி போவார். அந்தக் காலத்தில் நான் வேன் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வேறு நிறுவனத்திலிருந்து எங்களிடம் வந்தவர். ஏறக்குறைய என் வயதுதான். ஆனால் வந்த வாரத்திலேயே சமையல் பிரிவுப் பெண்கள் அவரை அக்கா என்று கூப்பிட, அது ஓட்டுநர்களுக்குப் பரவி, சீனர்களும் மலாய்க்காரர்களும்கூட அக்கா என்றே கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்டேன், அதனால் எனக்குத் தம்பி என்ற பதவி கிடைத்தது. எங்கள் இயக்குநர் சீனர். அக்கா என்பதுதான் அவருடைய பெயர் என்று இயக்குநர் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார். அலுவலகம் முழுவதற்கும் அனுப்பிய ஒரு மின்னஞ்சலில் அப்படியே எழுதியும் விட்டார். அக்கா திருத்தவில்லை. தன் பதவியின் பெயரைவிட இது நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தப் பதவியின் பெயர் தரவு ஆளுகை. தரவை ஆள வந்த மகாராணி என்று நான் அவரை ஓட்டாத நாள் கிடையாது. ஆனால் அவர் செய்யவேண்டியிருந்த வேலையில் ராஜ மரியாதை ஒன்றும் இருக்கவில்லை. வேனுக்கு ஒரு சிஸ்டம், சமையலுக்கு ஒரு சிஸ்டம், தாதிகளுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்துக்கொண்டிருந்தோம். ஒரே முதியவருக்கு ஒரு சிஸ்டத்தில் மகன் வீட்டு முகவரி இருக்கும், இன்னொன்றில் மகள் வீட்டு முகவரி இருக்கும், அவரோ தனியாக வேறெங்கோ இருப்பார். ஒரு விவரத்தை யார் எழுதுவது, யார் மாற்றலாம், யாருக்குப் பார்க்க உரிமை, தப்பாக இருந்தால் யாரைப் போய்க் கேட்பது என்று அக்கா ஒவ்வொரு மேசையாகப் போய்க் கேட்டார். அதுவரை யாரும் கேட்டதில்லை என்பதால் யாரிடமும் பதில் இல்லை. என்னிடமும்தான்.

முதல் தகராறு வருகைப் பதிவில் வந்தது. வேனில் ஏறினால் எங்கள் பிரிவுக்கு அவர் வந்தவர். சாப்பிட்டால்தான் சமையல் பிரிவுக்கு வந்தவர். நிலையத்திலோ கையெழுத்துப் போட்டிருந்தால்தான் கணக்கு. மாதக் கடைசியில் மூன்று பிரிவும் மூன்று எண்ணிக்கையைக் கொடுப்போம், இயக்குநர் தலையில் கை வைப்பார். அக்கா எங்கள் மூவரையும் அலுவலகத்தில் வைத்துப் பேசவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் தேக்கா சந்தைக்கு வரச் சொன்னார். அவர் எப்படியும் மீன் வாங்க வேண்டுமாம். தெங்கிரி வாங்கி, வெட்டச் சொல்லி, அந்தப் பையைச் சமையல் பிரிவுத் தலைவரின் கையில் கொடுத்துவிட்டு, உணவங்காடிப் பக்கம் எங்களை உட்காரவைத்துத் தோசையும் கோப்பியும் வாங்கித் தந்து, இப்போது பேசுங்கள் என்றார். கையில் மீனை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் விட்டுக்கொடுக்காமல் பேச முடியும்? நிலையத்துக்குள் காலெடுத்து வைத்தால் வந்தவர் என்று கோப்பி ஆறுவதற்குள் ஒத்துக்கொண்டோம். இயக்குநர் முன்னால் என்றால் ஒருவரும் இறங்கி வந்திருக்க மாட்டோம். அங்கே பார்க்க யாரும் இல்லாததால் இறங்கியது யார் என்பதுகூட எனக்கு இன்று நினைவில்லை.

ஆனால் அக்காவின் பெயர் நிலைத்தது வேறொரு விஷயத்தால். புக்கிட் மேராவில் எங்கள் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த தாத்தா ஒருவர் தவறிவிட்டார். அவர் வீட்டில் பதினாறாம் நாள் காரியம் நடந்துகொண்டிருந்த காலையில் எங்கள் வேன் அந்தப் புளோக்குக்குக் கீழே போய் நின்றது. வழக்கமாக வேனில் போகும் உதவியாளருக்கு அன்று விடுமுறை. அவருக்குப் பதிலாகப் போனவருக்கு எதுவும் தெரியாது. மாடிக்குப் போய், வாசலில் கிடந்த ஏகப்பட்ட செருப்புகளைப் பார்த்து ஏதோ விசேஷம் என்று நினைத்துக்கொண்டு, தாத்தா தயாரா என்று சிரித்த முகத்தோடு கேட்டிருக்கிறார். உள்ளே மாலை போட்ட படத்துக்கு முன்னால் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அன்று மதியம் அவருடைய மகள் எனக்குப் போன் செய்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை.

"அப்பா செத்துட்டார்னு என் வாயால இன்னொரு தடவை சொல்ல வச்சிட்டீங்களே, சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

யாருடைய தவறு என்று இயக்குநர் கேட்டார். அக்கா பதிவைத் திறந்து பார்த்தார். தாத்தா இறந்த நாளில் அவர் பெயருக்கு நேராக விடுப்பு என்று பதிந்திருந்தது. எங்கள் சிஸ்டத்தில் விடுப்பு இரண்டு வாரம்தான் நிற்கும். அதன்பிறகு அந்தப் பெயர் தானாகவே வேன் பட்டியலுக்குத் திரும்பிவிடும். அப்படிப் பதிந்தவர் அந்த வேனில் வழக்கமாகப் போகும் உதவியாளர். ஐம்பதைத் தாண்டிய தமிழ்ப் பெண், எல்லாரும் சின்னம்மா என்று கூப்பிடுவோம். அதைவிட ஆச்சரியம், தாத்தாவின் சாவுக்கு அவர் நேரில் போய்வந்திருக்கிறார் என்பது. மரணம் என்ற பட்டன் இருந்தும் தெரிந்தே தப்பாகப் பதிந்திருக்கிறார். இயக்குநர் எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கச் சொன்னார். வெளியிலிருந்து வந்திருந்த ஆலோசகர், பணியாளர் எல்லாருக்கும் துல்லியம் பற்றிப் பயிற்சி தேவை என்றார். மேசைக்கு அடியில் செருப்பு கழலும் சத்தம் எனக்குக் கேட்டது. முதலில் அவரிடம் பேசிவிட்டு வருகிறேன், அதுவரை கடிதம் வேண்டாம் என்று அக்கா சொன்னார்.

அந்தப் பேச்சுக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். கார் நிறுத்துமிடத்தில் காலியாக நின்ற வேனுக்குள் மூவரும் உட்கார்ந்தோம். வேலை போய்விடும் என்ற பயத்தில் சின்னம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். ஏன் அப்படிப் போட்டீர்கள் என்று அக்கா கேட்கவில்லை. அந்தத் தாத்தா எப்படிப்பட்டவர் என்று கேட்டார். அதற்குச் சின்னம்மா நிறையச் சொன்னார்: அவருக்குப் பிடித்த ஜன்னல் பக்கம், மழை வந்தால் வேனில் ஏற மாட்டேன் என்று அவர் செய்யும் பிடிவாதம், வீங்கிய காலுக்குச் செருப்பு மாட்டும் விதம். பிறகு கேட்காமலே அந்த விஷயத்துக்கு வந்தார்.

"அந்தப் பட்டன்ல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியும்மா. தினமும் அவருக்குச் செருப்பு மாட்டிவிட்ட கை இது. இதே கையால அவரு செத்துட்டாருன்னு அமுக்கச் சொல்றீங்களா? லீவுன்னு போட்டேன். அப்படிப் போட்டா மனசு கேட்டுச்சு."

அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கடிதம் எதுவும் வராது, நிம்மதியாக வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பினார். திரும்பி வந்து பழைய பதிவுகளை எல்லாம் தோண்டினார். சின்னம்மா மட்டும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தவறிப்போனவர்களில் சிலர் எங்கள் சிஸ்டத்தில் மகன் வீட்டுக்குப் போயிருந்தார்கள், சிலர் ஊருக்குப் போயிருந்தார்கள். சீன உதவியாளர் ஒருவர் வீடு மாறிவிட்டார் என்று போட்டிருந்தார். ஒருவரும் அசட்டையால் செய்யவில்லை. அந்த ஒரு வார்த்தையைத் தங்கள் விரலால் உண்டாக்க அவர்களுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். ஆலோசகர் தயாரித்த தடிமனான ஆவணத்தில் ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு பொறுப்பாளர் போடப்பட்டிருந்தார். மரணம் என்ற இடத்தில் அனைத்துப் பிரிவுகளும் என்று எழுதியிருந்தது. அக்கா அதை எனக்குக் காட்டினார்.

"எல்லாரும் பாத்துக்குவாங்கன்னு எழுதி வச்சிருக்காங்க. அப்ப யாரு பாப்பா? தாதி போட்டிருப்பான்னு நீ இருப்ப, வேன் போட்டிருக்கும்னு அவ இருப்பா. நடுவுல சின்னம்மா மட்டும் அழுதுகிட்டே லீவு போடுவாங்க லா."

அடுத்த வாரம் ஒரு நாள் அவர் என் மேசைக்கு வந்து நின்று சம்பந்தமில்லாமல் ஒன்று கேட்டார். சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் முதலில் என்ன செய்வாய் என்றார். குளிப்பேன் என்றேன். குளிக்காமல் வீட்டில் எதையாவது தொடுவாயா என்றார். என் மனைவி கதவைத் தாண்டவே விடமாட்டாள் என்றேன். அவர் முகம் அப்படி ஒரு மலர்ச்சி மலர்ந்தது.

"அப்ப குளிக்கிறதுக்கு முன்னாடியே போட்டுடச் சொல்லலாம் தம்பி. சாவுக்குப் போன தீட்டு, பட்டனை அமுக்குன தீட்டு, எல்லாம் ஒரே குளியல்ல போயிடும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் விளையாடவில்லை. அந்த முதியவரை நெருங்கிப் பார்த்துக்கொண்ட உதவியாளர் யாரோ அவர்தான் அந்தப் பதிவுக்குப் பொறுப்பு; செய்தி வந்ததும் அவர் வேலை நேரத்திலேயே துக்கத்துக்குப் போக வேண்டும்; துணைக்கு இன்னொருவர் போக வேண்டும்; அங்கே புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில், உடலை வைத்திருக்கும் பந்தலுக்கடியில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் தன் கைப்பேசியில் பதிந்துவிட வேண்டும். பிறகு அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டாம், நேரே வீட்டுக்குப் போய்க் குளித்துக்கொள்ளலாம். சீன உதவியாளர்களிடம் அவர் இதைச் சொன்னபோது, தாங்களும் பம்பளிமாஸ் இலை போட்ட தண்ணீரில் முகம் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவோம் என்று அவர்களும் உடனே புரிந்துகொண்டார்கள். புரிந்துகொள்ள நேரம் எடுத்துக்கொண்டவர்கள் மேலதிகாரிகள்தான். துக்கம் விசாரிப்பது எப்படி வேலை நேரத்தில் சேரும் என்று இயக்குநர் கேட்டார். வேன் அட்டவணை என்ன ஆவது என்று நான் கேட்டேன், ஏனென்றால் அது என் தலையில்தான் விடியும். இயக்குநரிடம் அக்கா, புக்கிட் மேரா தாத்தாவின் மகள் போனில் சொன்னதைத் திரும்பச் சொன்னார், வேறு எதுவும் சொல்லவில்லை. என்னிடம் ஒரு பொட்டலம் வடையை வைத்துவிட்டு, இரண்டு மதியங்கள் என் பக்கத்திலேயே உட்கார்ந்து அட்டவணையைக் கலைத்துக் கலைத்துப் போட்டார்.

முதலில் அப்படிப் பதிந்தவர் சின்னம்மாதான். வேறு ஒரு மூதாட்டியின் துக்கத்துக்குப் போய்விட்டு, மறுநாள் வந்து என்னிடம் நிதானமாகச் சொன்னார்: அவர் முகத்தைப் பார்த்தபிறகு அமுக்கியதால் பொய் சொன்னது போலவும் இல்லை, கொன்றது போலவும் இல்லையாம். அந்த ஒரு பதிவு விழுந்ததும் வேன் பட்டியலில் பெயர் போய்விடும், சமையலில் ஒரு சாப்பாடு குறையும், தாதியின் அட்டவணை மூடப்படும், வீட்டிலேயே இருக்கும் முதியவர்களுக்குக் காலையில் நாங்கள் செய்யும் நலம் விசாரிக்கும் போன் அழைப்பும் நின்றுவிடும். உதவியாளர் குளித்துவிட்டுத் தலை துவட்டுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதன்பிறகு எங்கள் வேன் எந்தத் துக்க வீட்டின் வாசலிலும் போய் நிற்கவில்லை. அந்த வழி பிடிபட்டதும் மற்றவையும் மெல்ல மெல்லச் சரியாயின. யாருக்கு எந்தச் சாப்பாடு ஆகாது என்பது சமையல் பிரிவுடையது, மருந்து தாதியுடையது, எந்தெந்த மாடியில் மட்டும் லிஃப்ட் நிற்கும் என்பது வேனுடையது. அடுத்தவருடையதில் தப்பைப் பார்த்தால் நாமே கை வைக்கக் கூடாது, அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னவரையும் தப்பு செய்தவரையும் யாரும் முறைக்கக் கூடாது. திங்கட்கிழமைக் கூட்டத்தில் அக்காவே முதலில் தன்னுடைய தப்பு ஒன்றைச் சொல்லித் தொடங்குவார். அது பெரும்பாலும் சிரிக்க வைக்கும் தப்பாகத்தான் இருக்கும். சிலவற்றை அவர் எங்களுக்காகக் கற்பனை செய்தார் என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு.

இப்போது மற்ற அமைப்புகளிலிருந்து எங்களைப் பார்க்க வருகிறார்கள். தரவு ஆளுகை எங்களிடம் மட்டும் எப்படி வெற்றிபெற்றது, எந்த மென்பொருள் வாங்கினீர்கள் என்று கேட்கிறார்கள். மென்பொருள் பழையதுதான் என்றால் நம்புவதில்லை. பொறுப்பு ஓர் ஆளின் பெயரில் இருக்க வேண்டும், சொல்லுக்கு எல்லாரும் ஒரே பொருளை ஒத்துக்கொள்ள வேண்டும், தப்பைச் சொல்ல யாரும் பயப்படக் கூடாது என்று நான் திரையில் காட்டி விளக்குகிறேன். அவர்களும் எழுதிக்கொள்கிறார்கள். சொல்லி முடித்ததும் எனக்கே ஒரு குறை தட்டும். ஒருவர் ஏன் ஒரு பட்டனை அமுக்காமல் இருக்கிறார் என்று காலியான வேனில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை எங்கே போய் வாங்குவது? அவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நேரம் போதாது என்பதால் சொல்வதில்லை.

அக்காவுக்கு உடம்பு முடியாமல் போனபோது ஓய்வு பெற இன்னும் காலம் இருந்தது. வேலையை விட்டு நின்றார். என்னை அவருடைய இடத்துக்குப் பரிந்துரைத்துவிட்டுத்தான் நின்றார். வேன் பிரிவை ஓட்டியவனைத் தரவை ஓட்டச் சொல்கிறீர்களே என்று நான் கெஞ்சியும் பலிக்கவில்லை. கொஞ்ச நாளில் அவருக்கே பராமரிப்பு தேவைப்பட்டது. வேறு எங்கும் பதிய மாட்டேன் என்று எங்களிடமே பதிந்துகொண்டார். அப்படி எங்கள் சிஸ்டத்தில், அவர் கட்டி நிமிர்த்திய அந்த வரிசைகளுக்குள், அவருடைய பெயரும் வந்து உட்கார்ந்தது. ஆங் மோ கியோவில் அவர் வீடு. மதியச் சாப்பாடு எங்கள் சமையலில் இருந்து போனது. முழங்கால் வலியால் வேனில் ஏறி இறங்க முடியாமல் போன சின்னம்மா அப்போது காலை அழைப்புகளைச் செய்யும் வேலைக்கு மாறியிருந்தார். தினமும் எட்டு மணிக்கு அக்கா வீட்டுப் போன் அடிக்கும். சாப்பிட்டீர்களா, மருந்து போட்டீர்களா, இரவு தூக்கம் வந்ததா என்று கேட்பதுதான் வேலை. ஆனால் இவர்கள் இருவரும் பேசத் தொடங்கினால் அடுத்த அழைப்புகள் எல்லாம் தாமதமாகும். எனக்குத் தெரிந்தும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

போனை எப்போதும் முதலில் எடுப்பவர் அக்காவின் கணவர். நான் அவரை அத்தான் என்பேன். அதிகம் பேசாத மனிதர். நான் பார்க்கப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோப்பி கலந்து கொடுத்துவிட்டு, நாங்கள் அலுவலகக் கதை பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு முறை அக்கா தன்னுடைய பதிவை நான் பார்த்தேனா என்று விசாரித்தார். பார்த்தேன், லிஃப்ட் நிற்கும் மாடி தப்பாக இருக்கிறது, நாளைக்கே திருத்திவிடுகிறேன் என்று நல்ல பிள்ளையாகச் சொன்னேன். தலையணையில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்துவிட்டார்.

"அது உன்னுது இல்ல. வேன்காரங்களுது. நீ தொடாத. போய் அவங்ககிட்ட சொல்லு."

அத்தான் அன்று வாய்விட்டுச் சிரித்தார். வீட்டிலும் இதே கதைதான் தம்பி, உப்பு ஜாடி யாருடையது என்று எனக்கு இன்னும் தெரியாது என்றார். அந்த வீட்டில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அது. அதன்பிறகு அக்காவுக்கு நிமிர்ந்து உட்காரும் தெம்பு வரவில்லை.

அவர் போன செய்தி ஒரு புதன்கிழமை வந்தது. நானும் சின்னம்மாவும் போனோம். அந்தப் புளோக்கின் கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளும் மின்விசிறிகளும் போட்டிருந்தார்கள். எங்கள் அலுவலகத்தில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். இயக்குநர் ஓட்டுநர்களோடு ஒரே மேசையில் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்தோம். மெலிந்திருந்தாலும் அக்காவாகத்தான் இருந்தார். அன்று மாலை உடலை எடுத்துக்கொண்டு போனபிறகு கூட்டம் கலைந்தது, நாங்கள் இருவரும் ஓர் ஓரமாக உட்கார்ந்தோம். சின்னம்மா கைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். தினமும் அழைத்தவர் அவர் என்பதால் பதிவு அவருடைய பொறுப்பு, துணைக்கு வந்தவன் நான். அந்த முறையைக் காப்பதற்கென்றே எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். ஆனாலும் திரையில் அக்காவின் பெயரைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. எங்கள் எல்லாப் பட்டியல்களிலும் அவர் இன்னும் உயிரோடு இருந்தார். நாளைக்கு அவருக்கு ஒரு சாப்பாடு உண்டு, ஒரு தாதி உண்டு. இன்னும் ஒரு நாள் அப்படியே இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று இருந்தது.

"நாளைக்குப் போட்டுக்கலாமா, சின்னம்மா?" என்று கேட்டேன்.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில பேரு வந்து நின்னா என் கை தானா போன் பண்ணிடும் தம்பி. பழகிப் போச்சு. மணி அடிச்சா அவங்க வீட்டுக்காரரு எடுப்பாரு. எடுத்து என்ன சொல்லுவாரு? வேணாம். பக்கத்துல இருங்க, நானே போட்டுடறேன்."

போட்டார். ஒரே தடவையில் போட்டார். நான் அவரை டாக்சியில் ஏற்றி அனுப்பிவிட்டு, எம்ஆர்டி ரயிலில் கதவோரமாக நின்றுகொண்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் அலுவலகத்தில் எல்லாப் பட்டியல்களையும் திறந்து பார்த்தேன். வேன், சமையல், தாதி, காலை அழைப்பு, எதிலும் அவர் பெயர் இல்லை. அவர் எப்படி வேண்டும் என்று கேட்டாரோ அப்படியே, ஒரு பிசகும் இல்லாமல் நடந்திருந்தது. பெருமைப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது.

காரியம் எல்லாம் முடிந்து சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தானைப் பார்க்கப் போனேன். வழக்கம்போல் கோப்பி கலந்து கொடுத்தார். சீனி அதிகமாக இருந்தது. அக்கா இருந்த இடத்தைப் பார்க்காமல் இருக்க இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அலுவலகம் எப்படிப் போகிறது என்று கேட்டார். ஏதோ சொன்னேன். சின்னம்மாவின் முழங்காலைப் பற்றிக் கேட்டார். அதற்கும் சொன்னேன். பிறகு கோப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் குறை சொல்லாத குரலில் பேசினார்.

"எடுத்த மறுநாள் காலையில போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன் தம்பி. அவ போயிட்டான்னு எனக்குத் தெரியாதா? ஆனா உங்க ஆபிசுக்கு இன்னும் தெரிஞ்சிருக்காதுன்னு நெனச்சேன். யாராவது அவ பேரைச் சொல்லி, சாப்பிட்டாங்களான்னு ஒரு தடவை கேப்பாங்கன்னு பாத்தேன். எட்டரை வரைக்கும் இருந்தேன். அடிக்கவே இல்ல."

அவர் போன் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அவ பண்ணி வச்சது நல்லா வேலை செய்யுது, இல்ல?" என்றார்.

"நல்லா வேலை செய்யுது, அத்தான்" என்றேன்.